வில்லி பெப்: அடி எட்டாத தூரத்தில் நின்ற சாம்பியன்

1940களின் அமெரிக்கக் குத்துச்சண்டைச் சாம்பியன் வில்லி பெப்பின் பெயர் வரும் இடத்திலெல்லாம் மூன்று எண்களும் கூடவே வரும்: 229 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். இன்றைய குத்துச்சண்டை ரசிகர் இதை முதல்முறை பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். ஃபிளாய்ட் மேவெதர் 1996 முதல் 2017 வரையிலான தொழில்முறை வாழ்க்கையை 50 சண்டைகளோடு முடித்துக்கொண்டார். பெப் தமது முதல் 62 சண்டைகளையும் வென்று முடிக்க மூன்று ஆண்டுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு பெப்பை அளக்கப் போனால் கணக்குத் தப்பிவிடும். அவரது திறமையின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருந்தது. எதிராளியின் கையுறைக்கும் தன் முகத்துக்கும் நடுவே அவர் எப்போதும் காப்பாற்றி வைத்திருந்த சில அங்குல இடைவெளிதான் அது. அந்த இடைவெளி இருந்தவரை அவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் அதை அழிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

குக்லியெல்மோ பப்பாலியோ என்பது பெற்றோர் வைத்த பெயர். 1922 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலுள்ள ஹார்ட்ஃபோர்டில். பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. தெருவில் ஷூ பாலிஷ் போட்டுக் காசு சம்பாதித்த சிறுவர்களில் அவரும் ஒருவர். அமெச்சூராக இருந்தபோது தன்னைவிட எடை கூடிய, வேறு பெயரில் வந்த ஒரு மெலிந்த இளைஞரிடம் தோற்றார். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் என்று பலர் போற்றிய சுகர் ரே ராபின்சன். அந்தத் தோல்விக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

1940 ஜூலையில் தொழில்முறைக்கு வந்தார். மேலாளர் லூ விஸ்கூசி, பயிற்சியாளர் பில் கோர். இதில் கோரின் பங்கு பெரிது. சிறுவனிடம் கால் இருக்கிறது, ஆனால் ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் கை இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, காலை வைத்தே ஒரு முழு ஆட்டமுறையைக் கட்டினார் அவர். 229 வெற்றிகளில் நாக் அவுட் மூலம் வந்தவை 65 மட்டுமே என்பதைப் பார்த்தால் கோரின் கணிப்பு எவ்வளவு சரி என்று தெரியும். பத்து வெற்றியில் ஏழுக்கு மேல் புள்ளிக் கணக்கில், மணி அடிக்கும் வரை நின்று எடுத்தவை.

அந்த ஆட்டமுறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எதிராளி இடக்கையை நீட்டியபடி ஓர் அடி முன்னே வைக்கிறார். பெப்பும் இடக்கையால் அவர் நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு ஜாப், அதாவது முன்கையால் விடும் விரைவான நேர்க்குத்து, வைக்கிறார். அது வலிக்கவைக்கும் குத்தல்ல, எதிராளியின் பார்வையை ஒரு கணம் மறைக்கும் குத்து. அதே கணத்தில் பெப்பின் இடது கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறம் போய் ஊன்றுகிறது. அந்தக் கால் அச்சாக நிற்க, உடம்பு முழுவதும் சுழல்கிறது. எதிராளி வலக்கையை வீசும்போது பெப் அங்கே இல்லை. பக்கவாட்டில், கை எட்டாத கோணத்தில், அடிக்கத் தோதாக நிற்கிறார். எதிராளி திரும்பி நின்று கால்களைச் சரிசெய்துகொள்வதற்குள் இரண்டு மூன்று அடிகள் விழுந்துவிடும். கயிற்றில் சாய்க்கப்பட்டால், கயிற்றின் துள்ளலையே வாங்கிக்கொண்டு எதிராளியின் அக்குளுக்கு அடியில் நழுவி மறுபக்கம் போய்விடுவார். போகிற போக்கில் எதிராளியின் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிடுவதும் உண்டு. விதிப்புத்தகம் இதை ஒப்பாது. பெப் சுத்தமான கலைஞர், அவரை வீழ்த்தியவர்கள் முரடர்கள் என்று சொல்பவர்கள் இந்த முழங்கை விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிராளி அடிக்க வர வேண்டும், அடிக்க வருபவருக்கும் பெப்புக்கும் நடுவே சுழல இடம் இருக்க வேண்டும். பெப்பின் தோல்விகளைப் புரிந்துகொள்ள இந்த நிபந்தனை போதும்.

முதல் பட்டம் 1942 நவம்பர் 20 அன்று வந்தது. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் சாக்கி ரைட்டை 15 ரவுண்டுகள் சுற்றவிட்டுப் புள்ளிகளில் வென்றபோது பெப்புக்கு 20 வயது. ஃபெதர்வெயிட் என்பது 126 பவுண்டு, ஏறத்தாழ 57 கிலோ எடை வரம்புள்ள பிரிவு. அப்போது மொத்தமே எட்டு எடைப் பிரிவுகள்தான் இருந்தன. பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்பது கொள்கை. நடைமுறையில் அன்றும் குழப்பம் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் ஒருவரைச் சாம்பியன் என்றது. பிற மாநிலங்கள் சேர்ந்த தேசியக் குத்துச்சண்டைச் சங்கம் வேறொருவரைச் சாம்பியன் என்றது. பெப் வென்றது நியூயார்க் ஆணையத்தின் பட்டத்தை. மறுபாதியையும் சேர்க்க 1946 ஜூன் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அதே கார்டனில் சால் பார்ட்டோலோவை 12-ஆவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். பார்ட்டோலோவின் தாடை உடைந்தது. கையில் பலமில்லாதவர் என்று பெப்பைச் சொல்பவர்கள் பார்ட்டோலோவைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். முதல் 63 சண்டைகள் சுமார் 32 மாதங்களில் நடந்தன. சராசரி போட்டால் பதினைந்து பதினாறு நாளுக்கு ஒரு சண்டை. இது தனிமனித வெறியால் மட்டும் நடந்ததல்ல, அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. தொலைக்காட்சி வீடுகளுக்கு வருமுன் ஒவ்வொரு நடுத்தர நகரத்திலும் வாராவாரம் குத்துச்சண்டை நடத்தும் அரங்குகள் இருந்தன. வருமானம் டிக்கெட்டில் மட்டுமே வந்தது. ஒரு நகரத்தில் செவ்வாயன்று சண்டை போட்டவர், பத்து நாளில் இன்னொரு நகரத்தில் இன்னொரு கூட்டத்துக்கு முன் நின்றால்தான் மேலாளருக்கும் அவருக்கும் பிழைப்பு. சாம்பியனான பிறகும் இது நிற்கவில்லை. எடை வரம்புக்குச் சற்று மேலே இருவரும் ஒப்புக்கொண்டு 10 ரவுண்டு சண்டை போடுவார்கள். தோற்றாலும் பட்டம் போகாது. பெப்பின் பட்டியலில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நீடித்த முதல் ஆட்சிக் காலத்தில் அவர் பட்டத்தைப் பணயம் வைத்த சண்டைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எதிரே வந்தவர்களில் உள்ளூர்ப் பையன்களும் இருந்தார்கள், தேய்ந்துபோன பழைய ஆட்களும் இருந்தார்கள். கூடவே ஒரு படி எடை குறைந்த பான்டம்வெயிட் பிரிவின் சாம்பியன் மானுவல் ஓர்ட்டிஸ், முன்னாள் சாம்பியன் ஃபில் டெர்ரனோவா போன்ற முதல்தர ஆட்களும் வந்தார்கள், அவர்களையும் வென்றார். 229-ஐ அப்படியே விழுங்கக் கூடாது, அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது.

தொலைக்காட்சி வந்த பிறகு வெள்ளிக்கிழமை இரவுச் சண்டையை மக்கள் வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கினார்கள். சிறு அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 200 சண்டைகள் போடும் வீரர்கள் உருவாகும் வயலே அதோடு காய்ந்துவிட்டது.

முதல் தோல்வி 1943 மார்ச் 19 அன்று. எதிராளி சாமி ஆங்கட், எடை கூடிய லைட்வெயிட் பிரிவின் முன்னாள் சாம்பியன். ஓய்வு அறிவித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கட்டிப்பிடித்தே சண்டை போடுபவர் என்று பெயரெடுத்தவர். ஓர் அடி, உடனே அணைப்பு. நடுவர் பிரித்துவிட்டால் மறுபடி ஓர் அடி, மறுபடி அணைப்பு. பார்ப்பதற்கு அழகில்லாத ஆட்டம். ஆனால் சுழல இடம் கொடுக்காத ஆட்டம். 10 ரவுண்டு முடிவில் ஆங்கட் வென்றார். பட்டம் பணயத்தில் இல்லாததால் பெப் சாம்பியனாகவே நீடித்தார். அதன்பின் 73 சண்டைகளில் அவரை யாராலும் வெல்ல முடியவில்லை. நடுவில் ஒன்றே ஒன்று சமனில் முடிந்தது. இடையில் கடற்படையிலும் பிறகு தரைப்படையிலும் சில காலம் இருந்தார்.

இந்தக் காலத்தில்தான் பெப்பைப் பற்றிய மிகப் பிரபலமான கதை பிறந்தது. 1946 ஜூலையில் மினியாபோலிஸில் ஜாக்கி கிரேவ்ஸோடு நடந்த சண்டையில், மூன்றாவது ரவுண்டில் ஒரு குத்துகூட விடாமல், நழுவியும் பாய்ச்சல் காட்டியுமே அந்த ரவுண்டைப் புள்ளியில் வென்றார் என்பது கதை. முன்கூட்டியே ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அன்றைய உள்ளூர்ச் செய்திகள் இதற்கு ஒத்துவரவில்லை. அந்த ரவுண்டில் பெப் அடித்ததாகவே அவை சொல்கின்றன. சண்டையும் எட்டாவது ரவுண்டில் பெப்பின் அடியில்தான் முடிந்தது. கதை பொய்யாக இருக்கலாம். ஆனால் வேறெந்தச் சாம்பியனைப் பற்றியும் இப்படி ஒரு கதை கட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

1947 ஜனவரியில் மயாமியிலிருந்து வடக்கே போன விமானம், பனிப்பொழிவில் சிக்கி நியூ ஜெர்சியின் மில்வில் அருகே விழுந்தது. உயிரிழந்தவர்களும் உண்டு. பெப்புக்கு முதுகெலும்பிலும் காலிலும் முறிவு. மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் கிடந்தார். இனி நடப்பதே பெரிது, வளையத்துக்குள் வருவதெங்கே என்றார்கள். அதே ஆண்டு ஜூனில் ஹார்ட்ஃபோர்டில் திரும்ப வந்து 10 ரவுண்டு சண்டை போட்டு வென்றார். ஆகஸ்டில் ஜாக் லெஸ்லியை வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார். பழைய கால்கள் அந்த விபத்தோடு போய்விட்டன என்று அவரை நெருங்கிப் பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஆனால் முடிவுப் பட்டியலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும் வெல்லும் அளவுக்கு மற்றவர்களுக்கும் அவருக்கும் தூரம் இருந்தது.

சாண்டி சாட்லருக்கும் அவருக்கும் அந்தத் தூரம் இல்லை.

1948 அக்டோபர் 29, மாடிசன் ஸ்கொயர் கார்டன். பெப்பின் கணக்கு அப்போது 134 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். சாட்லர் நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த 22 வயது கறுப்பின இளைஞர். இந்த எடைக்கு மிக உயரம்: ஐந்தடி எட்டரை அங்குலம், பெப்பைவிட மூன்று அங்குலம் கூடுதல். மெலிந்த உடம்பில் இரண்டு கைகளிலும் ஆளைச் சாய்க்கும் பலம். வாழ்நாளில் நூறுக்கு மேல் நாக் அவுட் செய்தவர். பெப் எளிதில் வெல்வார் என்றே பந்தயக்காரர்கள் எண்ணினார்கள். நான்காவது ரவுண்டில் பெப் தரையில் கிடந்தார். சாட்லர் செய்தது இதுதான்: இடக்கையால் பெப்பின் பின்கழுத்தையோ கையையோ பிடித்து நிறுத்திக்கொண்டு வலக்கையால் அடித்தார். ஆங்கட் கட்டிப்பிடித்தது அடி வாங்காமல் இருப்பதற்காக; சாட்லர் பிடித்தது அடிப்பதற்காக. இடைவெளியை அழிப்பதோடு அதற்குள்ளேயே வேலையும் முடித்துவிட்டார்.

பெப் திரும்ப வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. 1949 பிப்ரவரி 11 அன்று அதே அரங்கில் 19,000-க்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். முதல் ரவுண்டிலிருந்தே பெப் ஜாப் மழை பொழிந்தார். சாட்லர் பிடிக்க நீட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைக்கு வெளிப்பக்கமாகச் சுழன்றார். பிடிபட்டால் தானும் கட்டிக்கொண்டு நடுவர் பிரிக்கும்வரை விடவில்லை. தேவைப்பட்டபோது கால்மிதியும் தலைமுட்டும் அவரிடமிருந்தும் வந்தன. பின்பகுதி ரவுண்டுகளில் சாட்லரின் அடிகள் இறங்கி பெப் தள்ளாடிய கட்டங்கள் உண்டு. கண்களைச் சுற்றித் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. பிறகு 11 தையல்கள் போட்டார்கள். 15 ரவுண்டு முடிவில் மதிப்பிட்ட மூவரும் ஒருமனதாகப் பெப்புக்கே கொடுத்தார்கள். ஃபெதர்வெயிட் பட்டத்தை இழந்து அதே ஆளிடமிருந்து மீட்டது அன்று பெரிய செய்தி. என்னைக் கேட்டால் மற்ற 228 வெற்றிகளையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. விபத்தில் முறிந்த முதுகோடு, பழைய வேகம் போன பிறகு, தன் ஆட்டமுறைக்கே எமனாக வாய்த்த ஒருவருக்கு எதிராக, 45 நிமிடம் அந்த சில அங்குலங்களைக் காப்பாற்றிய இரவு அது.

மூன்றாவது சண்டை 1950 செப்டம்பர் 8 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில், 38,000-க்கு மேற்பட்ட கூட்டத்தின் முன். மூன்றாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்தாலும் புள்ளிகளில் பெப் முந்தியிருந்தார். ஏழாவது ரவுண்டு முடிவில் மூலைக்குப் போனவர் எட்டாவதுக்கு எழுந்து வரவில்லை; இடது தோள்பட்டை மூட்டு நழுவியிருந்தது. சாட்லர் கையை முறுக்கிப் பூட்டிவிட்டார் என்றது பெப் தரப்பு. நான்காவது, 1951 செப்டம்பர் 26, போலோ கிரவுண்ட்ஸ். அதைக் குத்துச்சண்டை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கட்டைவிரலால் கண்ணில் குத்தல், கழுத்தைப் பிடித்தல், காலை இடறிவிடல் என எல்லாம் நடந்தது. இருவரையும் பிரிக்கப் போன நடுவரும் ஒரு கட்டத்தில் அவர்களோடு தரையில் புரண்டார். ஒன்பதாவது ரவுண்டுக்குப் பின் கண் காயத்தோடு பெப் விலகினார். நியூயார்க் ஆணையம் இருவர்மீதும் நடவடிக்கை எடுத்து அந்த மாநிலத்தில் சண்டையிட விடாமல் தடுத்தது. நான்கில் மூன்று சாட்லருக்கு.

மொத்தம் 11 தோல்விகளில் ஆங்கட்டிடம் ஒன்று, சாட்லரிடம் மூன்று. மீதி ஏழும் 1951-க்குப் பிறகு, தேய்ந்துகொண்டிருந்த பெப்புக்கு நேர்ந்தவை. அவற்றில் ஒன்று மட்டும் வேறு வகையில் கறை படிந்தது. 1954 பிப்ரவரியில் லூலூ பெரெஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்ந்தார். சண்டைக்கு முன் பந்தயப் பணம் திடீரென்று பெரெஸ் பக்கம் சாய்ந்ததால் சந்தேகம் எழுந்தது. பின்னாளில் ஒரு பத்திரிகை இதை எழுதியபோது பெப் அவதூறு வழக்குப் போட்டார். 1984-இல் நடுவர்குழு அவர் வழக்கைச் சிறிது நேரத்திலேயே தள்ளிவிட்டது. வேண்டுமென்றே தோற்கவில்லை என்று பெப் கடைசிவரை மறுத்தார். வழக்கில் தோற்றதாலேயே சண்டை விலைபோனது நிரூபணமாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. சந்தேகம் தீர்ந்ததாகவும் கொள்ள முடியாது.

அதன் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விக்குப் பதில் எளிது. ஆறு திருமணங்கள், குதிரைப் பந்தயம், சூதாட்டம்; வந்த பணம் வந்த வழியே போனது. சாட்லரிடம் முதலில் வீழ்ந்த இரவுக்குப் பிறகு மட்டும் அவர் 95 சண்டைகளை வென்றார் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் சிறு நகரங்கள், பெயர் தெரியாத எதிராளிகள். 1958 செப்டம்பர் 20 அன்று, 36 வயது நிறைந்த மறுநாள், அப்போதைய உலகச் சாம்பியனான நைஜீரியாவின் ஹோகன் பாசியோடு பாஸ்டனில் பட்டம் பணயமில்லாத சண்டை. எட்டு ரவுண்டு வரை புள்ளிகளில் முந்தியிருந்தவர் பெப். ஒன்பதாவதில் நாக் அவுட். மூளைக்குத் தெரிந்ததை எட்டு ரவுண்டு வரை கால்கள் செய்துகொடுத்தன. அடுத்த ஜனவரியில் ஓய்வு பெற்றார்; 1965-இல் மறுபடி வந்தார்; 1966 மார்ச்சில் ஒரு 6 ரவுண்டு தோல்வியோடு ஒருவழியாக நிறுத்தினார்.

நடுவராகவும் வேலை பார்த்தார். 1969 ஜூலையில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் ஜானி ஃபமெஷோனும் ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடாவும் மோதிய ஃபெதர்வெயிட் பட்டச் சண்டைக்கு அவர்தான் ஒரே நடுவர், ஒரே மதிப்பீட்டாளர். 15 ரவுண்டு முடிந்ததும் இருவர் கையையும் தூக்கிச் சமன் என்றார். சீட்டைச் சரிபார்த்தபோது கூட்டல் தவறு தெரிந்தது. ஒரு புள்ளியில் ஃபமெஷோன் வென்றிருந்தார். அரங்கில் பெரும் கூச்சல். 1950-இல் பெப் பட்டத்தைக் காத்துக்கொண்டபோது வீழ்த்திய பிரான்சின் ரே ஃபமெஷோன், இந்த ஜானியின் சித்தப்பாவோ பெரியப்பாவோ முறை. உலகம் சிறியது, 126 பவுண்டு உலகம் இன்னும் சிறியது.

சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மன்றம் 1990-இல் முதல் தொகுதியைச் சேர்த்தபோது பெப்பும் சாட்லரும் ஒன்றாகவே இடம்பெற்றார்கள். சாட்லர் 2001-இலும் பெப் 2006-இலும் இறந்தார்கள். இருவரையும் முதுமையில் நினைவிழப்பு பாதித்தது. தலையில் விழுந்த அடிகளை நினைத்தால் ஆச்சரியமில்லை.

நேருக்கு நேர் 3-1 என்று தோற்ற பெப்பை, ஃபெதர்வெயிட் வரலாற்றைத் தரவரிசைப்படுத்துபவர்களில் பலர் சாட்லருக்கு மேலே வைக்கிறார்கள். விமான விபத்துக்கு முந்தைய பெப்பைச் சாட்லர் சந்தித்ததே இல்லை என்பது அவர்களின் வாதம். உண்மைதான். ஆனால் அந்த வாதம் பேசுபவர்கள் ஒரு தேதியைப் பார்க்க மறக்கிறார்கள். சாட்லர் பிறந்தது 1926 ஜூனில். பெப் பார்ட்டோலோவின் தாடையை உடைத்த 1946 ஜூன் 7 அன்று சாட்லருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை; உச்சத்தில் இருந்த பெப்புக்கு எதிரே நிறுத்த, உச்சத்தில் இருந்த சாட்லர் அப்போது இன்னும் உருவாகவே இல்லை.